நேரியலற்ற தொடர்புப்போக்குக்குத் தொடக்க மதிப்புகள்: ஆர் மொழியில் எந்த வழியைத் தேர்வது?

ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் நேர்கோட்டுத் தொடர்புப்போக்கைப் (ரிக்ரஷனை) பொருத்துபவர் தரவையும் சூத்திரத்தையும் கொடுத்தால் போதும். விடை ஒரே கணக்கில் வந்துவிடும். நேரியலற்ற சமன்பாட்டை என்எல்எஸ் (nls) என்ற சார்பின் வழியே பொருத்துபவர் மட்டும், விடை ஏறக்குறைய எங்கே இருக்கும் என்பதைத் தாமே முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடக்க மதிப்புகளை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்குப் பல விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்து எடுக்கலாம், மடக்கை எடுத்து நேர்கோடாக்கலாம், தானே தொடங்கும் சார்புகளை நம்பலாம், கட்டம் கட்டித் தேடலாம், வலுவான வேறொரு வழிமுறைக்கு மாறிக்கொள்ளலாம். காவிரிப் படுகையில் வேளாண்மை, பாசனம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் அடிக்கடி கையாளும் இரண்டு வகைத் தரவுகளை முன்னிறுத்தி இவ்வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, நடவிலிருந்து அறுவடை வரை நெற்பயிரின் உலர் எடை ஏறும் வளர்ச்சிக்கோடு. மற்றொன்று, வாய்க்கால் தலைமதகுக்குக் கீழே நட்டிருக்கும் கேஜ் என்ற நீர்மட்ட அளவுகோல் காட்டும் மட்டத்துக்கும், அங்கே வினாடிக்கு ஓடும் கன அடிக்கும் உள்ள தொடர்பு.

வழிகளைப் பார்க்குமுன், என்எல்எஸ் ஏன் தடுமாறுகிறது என்பதை எண்களோடு பார்த்துவிடுவது நல்லது. அதன் இயல்பான வழிமுறை காஸ்–நியூட்டன் முறை. கையிலிருக்கும் பண்பளவைகளில் (சமன்பாட்டில் மதிப்பிட வேண்டிய எண்களில்) ஒவ்வொன்றையும் சிறிது அசைத்தால் கணித்த மதிப்புகள் எப்படி மாறுகின்றன என்று வகைக்கெழு அணி ஒன்றை அமைத்து, அதைக் கொண்டு அடுத்த அடியை அது தீர்மானிக்கிறது. தொடக்க மதிப்பே கொடுக்காமல் விட்டால், எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு எல்லாப் பண்பளவைகளையும் 1 என்று வைத்துக்கொள்ளும். கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட ஒரு சம்பாப் பயிரை எடுத்துக்கொள்வோம். நடவுக்குப் பின் 15, 30, 45, 60, 75, 90, 105ஆம் நாள்களில் சதுர மீட்டருக்கு உலர் எடை முறையே 40, 120, 310, 620, 900, 1060, 1120 கிராம். இதற்கு லாஜிஸ்டிக் கோட்டைப் பொருத்த மூன்று பண்பளவைகள் வேண்டும்: எட்டும் உச்ச எடை, அதில் பாதியை அடையும் நாள், ஏற்றத்தின் வேகத்தைக் குறிக்கும் கால அளவு. மூன்றும் 1 என்றால், பாதியை அடையும் நாள் 1 என்று பொருளாகிறது. 15ஆம் நாளுக்குள் வளர்ச்சி முழுதும் முடிந்துவிட்டதாகச் சமன்பாடு கருதும். அந்த இடத்தில் பிற்பகுதிப் பண்பளவைகள் இரண்டுக்குமான வகைக்கெழு நெடுவரிசைகளில் முதல் வரிசையில் மட்டும் மிகச் சிறிய ஓர் எண் (ஒன்றில் கோடியில் 8, மற்றொன்றில் கோடியில் 116 அளவுக்கு) நிற்கும்; கீழே உள்ள வரிசைகள் எல்லாம் நடைமுறையில் சுழிதான். எனவே ஒரு நெடுவரிசை மற்றொன்றின் மடங்காகிவிடுகிறது. அணி பூச்சியக்கோவை அணியாகிறது, அதாவது அதைக் கொண்டு அடுத்த அடியைக் கணக்கிட முடியாது. “சிங்குலர் கிரேடியன்ட்” என்ற செய்தியோடு கணக்கு நிற்கிறது. பயிரிலும் பிழையில்லை, சமன்பாட்டிலும் பிழையில்லை. எந்தப் பக்கம் நகர்வது என்று சொல்ல அந்த இடத்தில் எந்தத் தகவலும் இல்லை என்பதே அச்செய்தியின் பொருள்.

இத்தகைய தரவுக்கு முதல் வழி வரைபடம். பலர் இதைத் தொழில்நுட்பம் குறைந்ததாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். பண்பளவைகளுக்குப் பொருள் இருக்கும் சமன்பாடுகளில் இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. மேற்கண்ட புள்ளிகளைக் குறித்தால், கோடு 1150க்கு அருகே தட்டையாகப் போகிறது என்று கண்ணுக்கே தெரியும். அதில் பாதி 575. 45ஆம் நாளின் 310க்கும் 60ஆம் நாளின் 620க்கும் இடையே அளந்தால் அது ஏறக்குறைய 58ஆம் நாள். லாஜிஸ்டிக் கோட்டில் பாதியிலிருந்து உச்சத்தின் 73 விழுக்காட்டை அடைய எடுக்கும் காலமே மூன்றாவது பண்பளவை. 1150இல் 73 விழுக்காடு ஏறத்தாழ 840; அது 72ஆம் நாளுக்குச் சற்று முன்னே வருகிறது; எனவே அந்த அளவு 14 நாள். இந்த மூன்று எண்களையும் கொடுத்தால் என்எல்எஸ் சில சுற்றுகளிலேயே ஒருங்கிவிடும், அதாவது நிலையான விடையில் வந்து நின்றுவிடும். மூன்றாவது எண் முடிவில் 13 அருகே வந்து நிற்கும் என்பதால் நம் கண்ணளவு முழுதும் சரியில்லைதான். ஆனால் தொடக்க மதிப்பு விடையாக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணளவின் குறை வேறிடத்தில் இருக்கிறது. நாற்பது வயல்துண்டுகள், மூன்று பருவங்கள் என்று தரவு பெருகும்போது ஒவ்வொன்றுக்கும் வரைபடம் பார்த்து எண் எடுப்பது நடக்கிற காரியமில்லை.

இரண்டாவது வழி நேர்கோடாக்குதல். உச்ச எடையை ஊகித்துக்கொண்டு, எடையை உச்சத்தோடு உள்ள குறைவால் வகுத்து, மடக்கை எடுத்தால், நாளுக்கு எதிராக நேர்கோடு கிடைக்கும். நேர்கோட்டுத் தொடர்புப்போக்குக்கான சாதாரண எல்எம் சார்பு அதைப் பொருத்திவிடும். பழைய பாடநூல்களில் இதையே முடிவான விடையாகவும் எழுதிவந்தார்கள். அது ஏன் கூடாது என்பதற்குக் கடைசிப் புள்ளி ஒன்றே சான்று. 105ஆம் நாளின் 1120 கிராமுக்கு, உச்சத்தை 1121 என்று ஊகித்தால் மாற்றிய மதிப்பு 7.02, 1150 என்று ஊகித்தால் 3.62, 1200 என்றால் 2.64. களத்தில் ஒரு கைப்பிடி வைக்கோல் கூடக்குறைய விழுந்தாலும் கோட்டின் சாய்வு ஆடிப்போகும். தொடக்க மதிப்பு என்ற அளவில் மட்டும் இதைப் பயன்படுத்தினால் இந்த ஆட்டம் பெரிய தீங்கு செய்யாது. மீச்சிறு வர்க்கக் கணக்கு பின்னால் வந்து அதைச் சரிசெய்துகொள்ளும்.

மூன்றாவது வழியான தானே தொடங்கும் சார்புகளின் உள்ளே இருப்பதும் இதே தந்திரந்தான் என்பதை அறிந்திருப்பது பயன்தரும். எஸ்எஸ்லாஜிஸ் என்ற சார்பை என்எல்எஸ் சூத்திரத்துக்குள் எழுதிவிட்டால் தொடக்க மதிப்புகளை எழுதும் ஸ்டார்ட் பட்டியலே தேவையில்லை. அது எடைகளை இருபுறமும் கொஞ்சம் இடம்விட்டு 0க்கும் 1க்கும் இடையே சுருக்கி, மேற்சொன்ன மடக்கை மாற்றத்தைச் செய்து, நேர்கோடு ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து கிடைத்த இரண்டு எண்களைக் கொண்டு பிலீனியர் என்ற வழிமுறையை (அதைக் கீழே விளக்குகிறேன்) உள்ளேயே ஓட்டி, பிறகுதான் நமக்குத் தொடக்க மதிப்பைத் தருகிறது. அதாவது நாம் தனித்தனி வழிகளாக எண்ணிக்கொண்டிருப்பவை அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. காம்பெர்ட்ஸ், வைபுல், மைக்கேலிஸ்–மென்டன், தொலைத்தொடுகோட்டை நெருங்கும் அடுக்குக்குறிச் சார்பு முதலிய சமன்பாடுகள் பலவற்றுக்கும் இப்படிப்பட்டவை ஆர் மொழியோடே வருகின்றன. கெட்இனிஷியல் என்று கேட்டால், பொருத்தாமலே தொடக்க எண்களை மட்டும் காட்டும். நாற்பது வயல்துண்டுகள் இருந்தால் என்எல்எம்இ தொகுப்பின் என்எல்எஸ்லிஸ்ட் சார்போடு சேர்த்து இதையே எடுக்கவேண்டும். இதில் எனக்குத் தயக்கமில்லை. தழைச்சத்துக்கு விளைச்சல் காட்டும் எதிர்விளைவைப் பொருத்துவோரும் இந்தப் பட்டியலை முதலில் பார்க்கலாம். இருபடிச் சமன்பாடே போதும் என்று தீர்மானித்தவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டுரையே வேண்டாம், ஏனெனில் அது பண்பளவைகளில் நேரியலானது.

ஆனால் பாசன வாய்க்காலின் கேஜ் கணக்குக்கு ஆர் மொழியோடு வரும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அதன் வழக்கமான வடிவம் இது: ஓட்டம் = பெருக்கி × (கேஜ் − சுழி மட்டம்)^அடுக்கு. சுழி மட்டம் என்பது ஓட்டம் அற்றுப்போகும் நிலையில் கேஜ் காட்டும் அளவு. வாய்க்கால் தரைக்கும் கேஜின் பூச்சியத்துக்கும் பொருத்தம் இருப்பதில்லை என்பதால் இதைத் தரவிலிருந்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. இங்கேதான் தொடக்க மதிப்பு உண்மையான தேர்வாகிறது.

மறுபடியும் நான் அமைத்த எண்கள்: கேஜ் 1.0, 1.5, 2.0, 2.5, 3.0, 3.5, 4.0 அடி, ஓட்டம் வினாடிக்கு 13, 36, 62, 101, 135, 187, 230 கன அடி. சுழி மட்டத்தை 1.2 என்று தொடங்கினால் முதல் வரிசையில் குறை எண்ணுக்குப் பின்ன அடுக்கு வந்து, மதிப்பே இல்லாமல் கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஆகவே தொடக்கமும், இடையில் எடுக்கும் ஒவ்வோர் அடியும், 1.0க்குக் கீழேயே இருந்தாக வேண்டும். நீரியல் பாடநூல்களில் உள்ள மூன்று புள்ளி முறை இதற்கு அழகாகப் பொருந்துகிறது. முதல் ஓட்டம் 13, கடைசி ஓட்டம் 230. இரண்டின் பெருக்குச் சராசரி 54.7. அந்த ஓட்டத்துக்கு உரிய கேஜ் அளவை வரைபடத்தில் பார்த்தால் 1.86 அடி. முதல் கேஜையும் கடைசிக் கேஜையும் பெருக்கி நடுக்கேஜின் வர்க்கத்தைக் கழித்தால் 0.54, முதலையும் கடைசியையும் கூட்டி நடுக்கேஜின் இருமடங்கைக் கழித்தால் 1.28, முன்னதைப் பின்னதால் வகுக்கச் சுழி மட்டம் 0.42 அடி. அதை வைத்து அடுக்கைக் கணக்கிட்டால் 1.58, பெருக்கி ஏறத்தாழ 31. காகிதத்தில் ஐந்து நிமிட வேலை. கணினி செய்யும் தேடலைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், வந்த எண்ணை உடனே சோதித்துப் பார்க்க முடிவதுதான். செவ்வக வழிந்தோடிக்கு அடுக்கு 1.5, அகன்ற வாய்க்காலில் மேனிங் சூத்திரப்படி ஐந்தில் மூன்று பங்கின் தலைகீழான 1.67, முக்கோண வெட்டுக்கு 2.5 என்று நீரியல் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. நம் வாய்க்காலுக்கு 1.58 வந்தால் நம்பலாம், 3.9 வந்தால் தொடக்க மதிப்பை விட்டுவிட்டுக் கேஜ் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

இதே சமன்பாட்டில் பெருக்கி என்பது நேரியலான பண்பளவை. மற்ற இரண்டும் தெரிந்தால் அது ஒரே வகுத்தலில் கிடைத்துவிடும். கோலப்–பெரைரா இருவரும் 1973இல் வகுத்த இந்தப் பிரிப்பைத்தான் பிலீனியர் வழிமுறை பயன்படுத்துகிறது. சூத்திரத்தில் பெருக்கியை எழுதாமல் விட்டு, சுழி மட்டத்துக்கும் அடுக்குக்கும் மட்டும் தொடக்கம் கொடுத்தால் போதும். தவறாக ஊகிக்கக்கூடிய எண் ஒன்று குறைகிறது. லாஜிஸ்டிக் கோட்டிலும் உச்ச எடை இப்படிப்பட்டதே. சொந்தமாகச் சமன்பாடு எழுதும் எவரும், அதில் நேரியலாக நுழையும் பண்பளவை எது என்று முதலில் தேடவேண்டும் என்பேன். இந்த ஒப்பீட்டில் குறைந்த உழைப்புக்கு அதிகப் பலன் தருவது அதுதான். இதன் குறை, எல்லை விதிக்க இடமில்லாமை. எல்லை விதிக்க இடம் தருவது போர்ட் என்ற வழிமுறை. ஆனால் அதன் நிரல் முழுமையாக முடிக்கப்படாததுபோல் தோன்றுகிறது என்றும், தொடக்க மதிப்புகள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்றுகூட அது சரிபார்ப்பதில்லை என்றும் ஆர் மொழியின் உதவிப்பக்கமே எச்சரிக்கிறது. எல்லைக்குப் பதிலாகப் பண்பளவையையே மாற்றி எழுதிவிடலாம். சுழி மட்டம் என்பதை 1.0இலிருந்து ஓர் அடுக்குக்குறி மதிப்பைக் கழித்தது என்று எழுதினால், புதிய பண்பளவை எந்த எண்ணாக இருந்தாலும் சுழி மட்டம் 1.0ஐத் தொடாது. 0.42க்கு உரிய புதிய தொடக்கம் −0.54.

ஓட்டத்துக்கும் மடக்கை எடுத்துப் பொருத்துவதைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். பயிர் எடையில் நேர்கோடாக்கும் முறையை முடிவாகக் கொள்ளக்கூடாது என்றேன். வாய்க்கால் ஓட்டத்தில் நிலைமை வேறு. நீரோட்டமானி கொண்டு அளக்கும்போது பிழை பெரும்பாலும் ஓட்டத்தின் அளவுக்கு ஏற்பவே வளர்கிறது. 13 கன அடியில் ஒரு கன அடி பிசகுவதும் 230இல் அதே ஒரு கன அடி பிசகுவதும் ஒன்றல்ல. ஆகவே மடக்கை அளவில் பொருத்துவது தொடக்கத்துக்கான தந்திரமாக மட்டும் இல்லாமல் சரியான மாதிரியாகவே இருக்கக்கூடும். அப்போது சுழி மட்டம் ஒன்றே நேரியலற்றதாக எஞ்சும். அந்த ஒன்றை 0 முதல் 0.95 வரை 0.05 அடி இடைவெளியில் நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் எல்எம் ஓட்டி, எச்ச வர்க்கக் கூட்டுத்தொகையை (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டியதை) வரைந்து பார்த்தால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். தொடக்க மதிப்பு என்ற பிரச்சினையே கரைந்துவிடுகிறது.

இது கட்டம் கட்டித் தேடுவதன் எளிய வடிவம். பொதுவான வடிவத்தை எக்ஸ்பாண்ட்.கிரிட் சார்பைக் கொண்டு நாமே எழுதலாம். அல்லது என்எல்எஸ்2 தொகுப்பின் முழுத்தேடல் வழிமுறையிடம் விடலாம். சுழி மட்டத்துக்கு 0 முதல் 0.9 வரை பத்து மதிப்புகள், அடுக்குக்கு 1.2 முதல் 2.6 வரை பதினைந்து மதிப்புகள் என்றால் 150 கட்டங்கள். கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெருக்கியையும் சேர்த்து மூன்றுக்கும் இருபது இருபது மதிப்புகள் என்றால் 8000. நான்காவது பண்பளவை வந்தால் 1,60,000. ஆகையால் கட்டம் கட்டுபவரும் நேரியலான பண்பளவையை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். கட்டத்துக்கு எல்லைகள் தேவை, எல்லைகளுக்குத் துறையறிவு தேவை என்பதால் வரைபடத்தைப் பார்ப்பதிலிருந்து இந்த வழி நம்மை விடுவிப்பதில்லை. என்எல்எஸ்.மல்ட்ஸ்டார்ட் தொகுப்பு நாம் தரும் எல்லைக்குள் பல தொடக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் பொருத்தி, சிறந்ததைத் தருகிறது. பண்பளவைகளின் பொருள் தெளிவில்லாத சமன்பாடுகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் இருக்கலாம் என்ற ஐயம் எழும் இடங்களுக்கும் அது நல்ல கருவி.

லெவன்பர்க் 1944இலும் மார்க்வார்ட் 1963இலும் முன்வைத்த வழிமுறையை மின்பேக்.எல்எம் தொகுப்பின் என்எல்எஸ்எல்எம் சார்பு தருகிறது. “என்எல்எஸ் தகராறு செய்தால் இதற்கு மாறிக்கொள்” என்பது மாணவர்களிடையே கைமாறிவரும் அறிவுரை. அதில் பாதி உண்மை. காஸ்–நியூட்டன் அகலக் கால் வைத்து விழும் இடத்தில் இது அடியைக் குறுக்கிக்கொள்கிறது. மேல், கீழ் எல்லைகளையும் ஏற்கிறது. ஆனால் நம் பயிர்க் கணக்கில் எல்லாவற்றையும் 1 என்று வைத்த தட்டையான இடம் இதற்கும் தட்டையானதே. உச்ச எடையைச் சராசரியான 596க்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் அசைக்க வழியின்றி நிற்கும் அபாயம் உண்டு. அதே சிங்குலர் செய்தியை இதுவும் சில வேளைகளில் தருவதைப் பார்க்கலாம். சுமாரான தொடக்கத்தை இது காப்பாற்றும். அர்த்தமற்ற தொடக்கத்தை அல்ல. தொடக்க மதிப்பைச் சிந்திக்காமல் இருப்பதற்கு உரிய சாக்காக இதை எடுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

சென்ற ஆண்டின் மதிப்பீட்டையே இவ்வாண்டின் தொடக்கமாக வைப்பது படுகையில் இயல்பாகக் கிடைக்கும் வழி. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்படுவதற்கு முன், கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள். வண்டல் எடுத்த பிறகு தரைமட்டம் இறங்கும், அதனால் சுழி மட்டம் மாறும். அடுக்கு பெரிதாக மாறாது. ஆகவே பழைய எண்ணை நிலையான மதிப்பாக வைத்துக்கொள்வது தவறு, தொடக்கமாக வைப்பது சரி. பயிரிலும் இப்படித்தான். 105 நாளில் அறுவடைக்கு வரும் குறுவை ரகத்தின் பாதி நாளை, 155 நாள் கடந்து வரும் சிஆர் 1009 ரகத்துக்கு அப்படியே தூக்கி வைக்கக்கூடாது. வயதின் விகிதத்தில் நீட்டி வைக்கலாம்.

எந்த வழியாலும் தீராத நிலைகளும் உண்டு. பயிர் எடையை 60ஆம் நாளோடு நிறுத்திவிட்ட தரவில் உச்சம் எங்கே என்று சொல்ல எந்தப் புள்ளியும் இல்லை. தொடக்க மதிப்பை எப்படி மாற்றினாலும் உச்ச எடையும் பாதி நாளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டு கூடவே ஓடும். அடியளவு 1/1024க்குக் கீழே சுருங்கிவிட்டது என்றோ, 50 சுற்றுகள் தீர்ந்துவிட்டன என்றோ செய்தி வரும். நாகை, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் கடல் ஏற்றத்தால் நீர் எதிர்த்துத் தேங்கும் வாய்க்கால்களிலும், கீழ்மதகின் ஷட்டரை இறக்கித் தேக்கியிருக்கும் வேளைகளிலும், ஒரே கேஜ் மட்டத்துக்குப் பல ஓட்டங்கள் இருக்கும். அங்கே தவறு சமன்பாட்டில். கீழ்மட்டத்தையும் அளந்து மாதிரிக்குள் சேர்க்காமல் தொடக்க எண்களோடு மல்லுக்கட்டுவது வீண். இவற்றுக்கு நேர்மாறான ஒரு பொறியும் இருக்கிறது. நிரலைச் சோதிக்கச் சூத்திரத்திலிருந்தே பிசகில்லாத எண்களை உருவாக்கி என்எல்எஸ்ஸுக்குக் கொடுத்தால், விடையிலிருந்தே தொடங்கினாலும் ஒருங்காமல் போகலாம். அதன் ஒருங்கல் சோதனை எச்சங்களோடு ஒப்பிட்டே நடப்பதால், எச்சமே இல்லாத தரவு அதைக் குழப்பும். 4.1.0 பதிப்பிலிருந்து இதற்கென ஸ்கேல்ஆஃப்செட் என்ற அமைப்பு வந்திருக்கிறது. சோதனை எண்களில் சிறிது பிசகைக் கலந்துவிடுவது அதைவிட எளிது.

நான் பரிந்துரைக்கும் வரிசை இப்படி அமைகிறது. சமன்பாட்டுக்குத் தானே தொடங்கும் சார்பு இருந்தால் அதையே எடுப்பது. இல்லையெனில் நேரியலான பண்பளவையை வெளியேற்றி, மிஞ்சியவற்றுக்கு வரைபடத்திலிருந்தோ துறையறிவிலிருந்தோ எண் எடுத்து, பிலீனியரை ஓட்டுவது. அது நின்றால் மட்டும் கட்டம். கட்டத்தின் சிறந்த புள்ளியிலிருந்து என்எல்எஸ்எல்எம். ஒவ்வொரு சுற்றின் மதிப்புகளையும் காட்டும் ட்ரேஸ் அமைப்பை எப்போதும் திறந்துவைத்தால், எந்தச் சுற்றில் எந்தப் பண்பளவை ஓடிப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒருங்கிய பிறகும், முற்றிலும் வேறான இரண்டு மூன்று இடங்களிலிருந்து மறுபடி தொடங்கி, எச்ச வர்க்கக் கூட்டுத்தொகை அதே எண்ணுக்கு வருகிறதா என்று பார்க்கவேண்டும். குறைவான கூட்டுத்தொகை ஒன்று கிடைத்தால் முதல் விடையைக் கைவிட வேண்டும். ஆய்வேட்டில் முடிவான மதிப்பீடுகளுக்குப் பக்கத்திலேயே தொடக்க மதிப்புகளையும், கேஜ் தரவு எந்தத் தூர்வாரலுக்குப் பின் எடுக்கப்பட்டது என்பதையும் எழுதிவைத்தால், அடுத்த பருவத்தில் அதே மதகில் அளக்க வருபவர் 0.42ஐ நம்பலாமா, சற்று இறக்கித் தொடங்கலாமா என்று தாமே முடிவுசெய்துகொள்வார்.